மூன்று காம்புப் பால்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் நாம் இருவரும் கத்தித் தீர்த்துவிட்டு விஷயத்தைக் கோட்டை விடுவோம், அதனால்தான் கடிதம்.

அண்ணி கொண்டுவந்த பாலை நான் திருப்பி அனுப்பியது உண்மைதான். பால் நிலையத்தில் யார் கேன் வந்தாலும், தொட்டியில் ஊற்றும் முன் ஒரு சோதனைப் பட்டையை அதில் நனைத்துப் பார்ப்பது என் வேலை. நல்ல பாலென்றால் இரண்டு கோடும் சிவக்கும். மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் இருந்தால் இரண்டாவது கோடு வெளுத்துக் கிடக்கும். அன்றைக்கு வெளுத்தது. என் கைமேலேயே சந்தேகப்பட்டு இன்னொரு பட்டை போட்டேன். அதுவும் அப்படியே.

அண்ணி ஏமாற்றவில்லை, அதை முதலில் புரிந்துகொள். நம் செவலைப் பசுவுக்கு மடி வீங்கி, டாக்டர் ஒரு காம்புக்குள் மருந்து ஏற்றியிருக்கிறார். அண்ணி அந்தக் காம்புப் பாலை மட்டும் கறந்து கொட்டிவிட்டு, மற்றதைக் கேனில் ஊற்றிவிட்டார். மருந்து ஒரு காம்போடு நிற்குமா? ரத்தத்தில் கலந்து மடி முழுக்கப் போகும். நாலு நாளுக்கு எதையும் ஊற்றக் கூடாது. "மூணு காம்பு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்று அண்ணி கேட்டதும் வரிசையே சிரித்தது. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டு ஆள்தானே, ஒரு தடவை கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன என்று செய்தி அனுப்பியிருக்கிறாய். மாட்டேன், அண்ணா. போன வருஷம் இதே மருந்தை ஊசியில் போட்டு உன் மகளுக்கு உதடு தடித்து மூச்சுத் திணறியதை நீ பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடியவள் நான்.

அன்றைக்கு அண்ணி போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கோபத்தில் அந்தப் பாலையே பாப்பாவுக்குக் காய்ச்சிக் கொடுத்துவிட்டால்? வரிசை முடிந்த கையோடு ஓடினேன். கேனைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். "எம்புள்ளைக்கு அதைக் குடுப்பேனா?" என்றார்.

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். அதே பாலை ஊர்ப் பிள்ளைகளுக்குப் போகும் தொட்டியில் ஊற்றச் சொல்லித்தான் காலையில் என்னோடு மல்லுக்கு நின்றார். நான் நிலையத்துக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணி என்னோடு பேசவில்லை. நேற்று, ஐந்தாம் நாள், கேனோடு வந்து, இரண்டு கோடும் சிவக்கும்வரை பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குப் போன் செய், அண்ணா. தெரியாமல் செய்தது தப்பில்லை என்று சொல். நான் செய்ததும் தப்பில்லை என்று சொல். நல்லபடியாக ஊர் வந்து சேர். நம் வீட்டுப் பாலில் காபி போட்டுத் தருகிறேன், பட்டையில் பார்த்துவிட்டு.

என்றும் உன்
பிடிவாதக்காரத் தங்கை