சதுரத் தூண்களை மறைத்தவனுக்கு

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் யாரோ எபொக்சி பசை டப்பாவைத் திறந்தார்கள். மூக்கை அரிக்கும் அந்த நெடி பரவியதும் நீ வந்து நின்றாய். இறந்தவர்களைப் பற்றி நல்லதையே நினைக்கவேண்டும் என்கிறார்கள். எனக்கு அது வரவில்லை.

மாத்தளையிலிருந்து ஒரே பஸ்ஸில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய் ஒரே ஆய்வைச் செய்தோம். பலவீனமான கொங்கிரீட் தூணைக் கார்பன் இழைத் துணியால் சுற்றிப் பசையிட்டால் எவ்வளவு கூடுதல் பாரம் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்லும் சமன்பாடு. பாரம் ஏறும்போது தூண் பக்கவாட்டில் உப்பும். துணி அதை உப்பவிடாமல் இறுக்கும். வார்ப்பதும் தேய்ப்பதும் பசை பூசுவதும் நான். சமன்பாடு எழுதுவதும் பேசுவதும் நீ. சோதனைச் சாவடியில் அந்தக் கறுப்புத் துணிச் சுருளைச் சந்தேகத்தோடு பிரித்த சிப்பாயிடம், தூணுக்குப் போடும் பண்டேஜ் என்று சிங்களத்தில் சொல்லி அவனைச் சிரிக்கவைத்தாய். நானும் சிரித்தேன். உன் திறமை அவ்வளவுதான் என்று அப்போது தெரியவில்லை.

வட்டத் தூண்கள் உன் சமன்பாட்டுக்குப் பணிந்தன. சதுரத் தூண்கள் பணியவில்லை. சதுரத்தில் துணியின் இறுக்கம் மூலைகளில்தான் விழும். தட்டையான பக்கங்கள் உப்பும். கூரான விளிம்பில் இழை அறும். அவை எல்லாமே நீ சொன்ன பாரத்துக்கு வெகு முன்பே உடைந்தன. மறுநாள் உன் வரைபடத்தில் அவற்றைக் காணவில்லை.

“சதுரமெல்லாம் எங்க?”

“அது காஸ்டிங் சரியில்லடி. கோட்டப் பாரு, எவ்வளவு அழகா வந்திருக்கு.”

“காஸ்ட் பண்ணினது நான். வட்டத்துக்கும் அதே கலவைதான்.”

“அப்ப ஒம்மேலதான் பிழை” என்று சிரித்தாய். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டுதான் மிளகு வியாபாரி ஹாஜியாரிடம் போனாய். நகரத்தில் இருந்த அவருடைய கட்டடத்தின் மேல்மாடியில், தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெண்பிள்ளைகள் தங்கியிருந்தார்கள். அதற்கு மேல் இன்னொரு மாடி எழுப்ப அவருக்கு ஆசை. தூண்கள் பழையவை, எல்லாம் சதுரம். துணி சுற்றினால் தாங்கும் என்றாய். நான் தாங்காது என்றேன்.

ஹாஜியார் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “தம்பி தாங்கும் எண்டு சொல்றாரு, மகள் தாங்காது எண்டு சொல்றீங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்திலதானே படிச்சீங்க?”

“அவ பூட்டின வீட்டுக் கதவையே ரெண்டு தரம் தள்ளிப் பாத்துட்டுத்தான் போவா ஹாஜியார்” என்றாய் நீ.

வாதம் முடியுமுன் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. பதில் சொல்லவேண்டிய இடங்களிலிருந்து நழுவுவது உனக்குப் பழக்கந்தான். ஆனால் இந்த முறை உன் சொல்லுக்குப் பலம் கூடிவிட்டது. மாடியை எழுப்பி அதற்கு உன் பெயரையே வைக்கப்போவதாக ஹாஜியார் சொன்னார்.

“மௌத்தான புள்ள தந்த வாக்கு மகள். அதப் பொய் எண்டு நான் எப்படிச் சொல்ற?”

உயிரோடு இருந்தபோது நீ அரைகுறைப் பொறியியலாளன். செத்தபின் யாரும் எதிர்த்துப் பேசமுடியாத மேதை.

பழைய கலவையிலேயே ஒரு சதுரத் தூணை வார்த்தேன். உன் முறைப்படியே துணி சுற்றினேன். ஹாஜியாரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவந்து, உன் சமன்பாடு சொன்ன பாரத்தை அழுத்தும் இயந்திரத்தின் முகப்பில் காட்டினேன். முள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. மூலையில் துணி படீரென்று கிழிந்தது. கொங்கிரீட் நொறுங்கிக் கொட்டியது.

அவர் குனிந்து அறுந்த இழைகளைத் தொட்டுப் பார்த்தார். “இது தம்பிக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆய்வு முடியுமுன் போய்விட்டான் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் உன் பெயர் கெட்டிருக்காது.

“தெரியும்” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “பொம்புளப் புள்ளைங்க தூங்குற எடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். மாடி எழும்பவில்லை. நான் சொன்னது ஊரெல்லாம் பரவியது.

போன மாதம் சந்தையில் உன் அக்கா என்னை மறித்தார். “செத்தவனோட ஒனக்கு என்னா போட்டி?” என்று கேட்டார். காய்கறி வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். உன் வீட்டுக்கு இனி நான் வரமுடியாது. உன் அம்மா கையால் ஒரு வாய் தேநீர் குடிக்கவும் முடியாது. அதையும் உன்னால்தான் இழந்தேன்.

உனக்காக நான் அழவில்லை. அன்று ஹாஜியாரிடம் சொன்ன அந்த ஒரு சொல்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது. உன் அம்மாவே வந்து கேட்டாலும் அதையே சொல்வேன்.