அத்திவரதர் லிஸ்டில் ஐந்து பேர்

சின்ன காஞ்சிபுரம்
18-11-2006

சிரஞ்சீவி ராம்ப்ரஸாதுக்கு அக்கா ஸ்ரீவல்லியின் ஆசிகள். இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். அந்தக் குளிர் தேசத்தில் நீ சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் பெருமாளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மெயில் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறாள் என்று நினைப்பாய். அந்த மெயிலைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு என் வாயையே பார்க்கிறாள்.

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் தீபாவளி மைசூர்பாகை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள், கையும் களவுமாகப் பிடித்தேன். உன்னைப் பற்றித்தான் நாள் முழுக்கப் பேச்சு.

வைகாசி கருட சேவைக்கு வந்தபோது நீ பண்ணிய அமர்க்களம் ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கே பொதுவாக ஒரு மெயில் அக்கவுன்ட், அதற்குள்ளேயே செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஒரு லிஸ்ட். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். வேலை முடிந்ததும் டிக் போட்டால் வரிமேல் கோடு விழும், முடிந்த தேதியும் பக்கத்தில் வரும். எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே அக்கா, லிஸ்டில் போடு, மனசு லேசாகிவிடும் என்று உபதேசம் வேறு. நானும் ஸ்கூல் விட்டு வரும்போது தனசேகரனின் பிரௌசிங் சென்டரில் ஏறி, அம்மா மாத்திரை, கரண்ட் பில் என்று ஒழுங்காக டிக் போட்டு வந்தேன்.

அதிலே நீ விளையாட்டாக 2019-க்கும் ஒன்று போட்டாய். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை குளத்தடியிலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைப் பார்க்க யார் யார் போகிறோம் என்று ஆளுக்கொரு வரி. அம்மா, சக்ரவர்த்தி சித்தப்பா, அடுத்த தெரு லோகாம்பாளம்மா, நான், நீ. "என்னடா, பெருமாளுக்கே அப்பாயின்ட்மென்டா? என்னைத் தூக்கிண்டு போக ஆள் போட்டிருக்கியா?" என்று சித்தப்பா கேட்டு எல்லோரும் சிரித்தோம். தறியில் இருந்த லோகாம்பாளம்மாவிடம் போய்ச் சொன்னதற்கு, "எழுபத்தொம்போதுல நானும் உங்கம்மாவும் ஒரே வரிசையில நின்னுக்கினு இருந்தோம்பா, அப்பத்தான் பழக்கமே. அடுத்த வாட்டியும் பக்கத்துல பக்கத்துலதான் நிப்போம்" என்றாள்.

ஆவணியில் ஒருநாள் சித்தப்பா வரியில் டிக் விழுந்திருந்தது. உன் கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த தேதி, வரப்போகிற வியாழக்கிழமை. தனசேகரன் கடைக் கம்ப்யூட்டரில் தேதி என்றைக்குச் சரியாக இருந்திருக்கிறது! டிக்கை எடுத்துவிட்டு வந்தேன். அந்த வியாழக்கிழமைதான் சித்தப்பா கோயிலிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மழையே இல்லாத நாள். அவர் வேஷ்டிக் கரை மட்டும் ஈரமாக இருந்தது. கோயிலில் கால் அலம்பியிருப்பார் என்று அப்போது தோன்றியது.

ஐப்பசியில் லோகாம்பாளம்மாவின் வரியில் டிக், பக்கத்தில் வரப்போகிற ஒரு தேதி. அந்தத் தேதியில் நான் லீவு போட்டுவிட்டு, ஏதோ புடவை பார்க்க வந்தவள் மாதிரி அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டு நெய்தாள். மத்தியானம், "காலெல்லாம் சில்லுனு இருக்குது வல்லிம்மா, கொளத்துல எறங்கி நிக்கிற மாதிரி" என்றாள். சூடாகக் காபி கொண்டுவரலாம் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது தறிமேல் தலை சாய்ந்திருந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ராம்.

தனசேகரனைக் கேட்டேன். "அது தன்னால டிக் ஆவாது டீச்சர், உங்க பாஸ்வேர்டை யாரோ வச்சிக்கினு வெளையாடுறாங்க" என்றான். அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன். மெயில் திறக்க மாட்டேன் என்கிறது என்று நீ குறைப்பட்டாயே, காரணம் நான்தான், கோபித்துக்கொள்ளாதே. புதுசு எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மனுஷர்கள் யாரும் இனிமேல் அதில் கை வைக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை திறந்தால் இன்னொரு டிக், பக்கத்தில் மார்கழியில் ஒரு தேதி. யாருடையது என்று கேட்காதே. அம்மாவின் கட்டமும் என் கட்டமும் காலியாகத்தான் இருக்கின்றன. டிக்கை எடுத்தேன், கண் எதிரிலேயே திரும்ப விழுந்தது. வரியையே அழித்தேன், மறுநாள் அதே இடத்தில் இருந்தது. கடைசியில் என் வரிக்கு நானே டிக் போட்டேன். அதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள் என்று மானிட்டரைப் பார்த்துக் கும்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு வெட்கமே இல்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் என் டிக்கை மட்டும் எடுத்திருந்தது.

கணக்கு டீச்சர் இப்படி உளறலாமா என்று சிரிப்பாய். சிரி. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீயும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், ஹீட்டர் போட்டு இரண்டு சாக்ஸ் மாட்டியும் பாதம் ஐஸாக இருக்கிறது, ஷூவுக்குள் ஈரம் எப்படி வருகிறதோ தெரியவில்லை என்று. அதைக் கேட்டுத்தான் செவ்வாய்க்கிழமை போய் மெயிலைத் திறந்தேன்.

மார்கழி பிறப்பதற்குள் புறப்பட்டு வந்துவிடு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆபீஸில் சொல்லு, பொய் சொன்ன பாவம் எனக்கு. அதுவரை கார் ஓட்டாதே, தனியாகத் தூங்காதே, டாக்டரைப் பார். நீ வந்துவிட்டால் நான் தடுத்து நிறுத்திவிடுவேன் என்று சொல்லவில்லை. லோகாம்பாளம்மாவுக்கு எட்டடி தள்ளித்தான் நான் இருந்தேன். ஆனாலும் நீ அந்த ஊரில் ஒண்டியாக இருக்க வேண்டாம். அம்மா பிசைந்து போடுவதைக் கையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, என் கண் எதிரில் இரு. இந்தத் தடவை நான் காபி போட எழுந்து போகமாட்டேன்.

தீர்க்காயுசாக இரு என்று எழுதி முடிப்பது நம் வீட்டு வழக்கம். இத்தனை வருஷமும் கை தானாக எழுதிவிடும். இன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறேன். தீர்க்காயுசாக இரு, கண்ணா. உன் தலை நரைக்க வேண்டும், பல் ஆட வேண்டும், நான் அதைப் பார்த்துக் கேலி பண்ண வேண்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
அக்கா ஸ்ரீவல்லி