தொப்பைச் சுவரும் என் கை உயரமும்

மேல் பலகை டப்பாவை எட்டி எடுத்துத் தந்துவிட்டு, அதற்கே ஒரு டீ கேட்கும் என் மனுஷனுக்கு,

நம் சமையலறைச் சுவரில் கப்போர்டு ஏறிவிட்டது. இருந்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பீங்க? "என் செவுத்தை ஒண்ணும் பண்ணலியே?" என்றுதானே? பண்ணவில்லை. பண்ண விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வேலையை விட்டுவிட்டு நீங்களே கரண்டி பிடித்துப் பூசிய சுவர். அடுப்பு மேடைக்கு மேலே நடுவில் முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து நான் சிரித்தேன். "இன்னா சிரிப்பு? செவுத்துக்கும் என்னை மாதிரி தொப்பை இருந்துட்டுப் போவட்டும்" என்றீங்க. ஞாபகம் இருக்கா?

கார்பெண்டர் யூசுஃப் பாய் ஒரு நீளக் கட்டையை அதன்மேல் வைத்தார். கட்டை இரண்டு பக்கமும் ஆடியது. "ம்மா, வயிறு தள்ளிக்கினு கீது. கொத்தி எடுக்கணும். இல்லாங்காட்டி பொட்டியை மேல ஏத்திடலாம், அங்க நேரா கீது."

மேலே ஏற்றினால் எனக்கு எட்டுமா? என் உயரம் உங்களுக்குத் தெரியாததா?

அப்போதுதான் உங்கள் தம்பி சேகர் வந்தான். "இன்னா அண்ணி, தனியா இருந்துகினு யாருக்கு இதெல்லாம்? வாடகைக்கு வுட்டுட்டு எங்க வூட்டுக்கு வந்துடுங்க. வல்லம் கம்பெனிப் பசங்க வூடு தேடிக்கினு அலையறாங்க."

அவன் மனசு கெட்டதில்லை. ஆனால் நீங்கள் போனதிலிருந்து எனக்காக முடிவெடுக்க ஆளுக்கு ஆள் கிளம்பிவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எங்கியும் வரல தம்பி. பாய், செவுத்துல உளி படக்கூடாது. பொட்டியும் எனக்கு எட்டணும்" என்றேன். கையை நீட்டி, விரல் பட்ட இடத்தில் நானே பென்சிலால் கோடு போட்டேன்.

பாய் முனகிக்கொண்டே பெட்டிகளை அந்த வளைந்த சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முறுக்கினார். கதவுகள் ஒன்றையொன்று இடித்தன. ஓரத்தைத் தேய்க்க அரத்தை எடுத்தார். தினமும் கம்பெனி லைனில் கார் கதவு மாட்டுகிறவள் சும்மா இருப்பேனா? "கதவு இன்னா பாய் பண்ணும்? பொட்டிதான் முறுக்கிக்கினு கீது. ஸ்க்ரூவை இளக்குங்க."

இளக்கினார். கதவுகள் சமர்த்தாக உட்கார்ந்தன. "அட, ஆமாம்மா!" என்று சிரித்துவிட்டார் மனுஷன். பிறகு உங்கள் தொப்பையைத் தொட்டபடி ஒரு நேர்க்கட்டையை அடித்தார். சுவர் உள்வாங்கிய இடங்களில் கட்டைக்குப் பின்னால் ப்ளைவுட் துண்டுகளைச் செருகி, பெட்டிகளை அதில் மாட்டினார். ரசமட்டத்தில் குமிழ் நட்டநடுவில் நின்றது. ஓரத்து இடைவெளியை ஒரு பட்டை வைத்து மூடினோம்.

சேகர் ஒரு கதவைத் திறந்து பார்த்தான். "நான் குனியணும் போலக்கீதே அண்ணி?"

"குனிஞ்சு எடு தம்பி. இது என் சமையல்கட்டு."

இன்று காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் மிளகாய்த்தூள் டப்பாவை நானே எடுத்தேன். எடுத்தபிறகும் பழக்கத்தில் வாய் "ஏங்க" என்றது. அப்படியே நின்று அழுதேன். அழுதால் என்ன, பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், டப்பா எடுத்துத் தர இனி யாரையும் கூப்பிட மாட்டேன். உங்களைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்த மாட்டேன், யார் வந்து சொன்னாலும்.

இந்த வீட்டை விட்டு நகராத,
உங்கள் பொண்டாட்டி
வளர்மதி