ஊதிக் காட்டச் சொன்னார்கள்

உங்கள் பட்டாளத்துக் கேன்டீன் கார்டு இன்று பீரோவிலிருந்து வெளியே வந்தது. எடுக்க வைத்தவர் எதிர்வீட்டுக்காரர். "ஏனுங்க, பையன் கல்யாணமுங்க, மிலிட்டரி சரக்கு ரெண்டு பாட்டில் வாங்கித் தர முடியுமுங்களா?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். புருசனைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? கதவைச் சாத்திவிட்டேன். அப்புறம் உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

எல்லையில் குண்டு வெடித்ததில் உங்கள் தலைக்குள் அடி. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. கையோ காலோ போயிருந்தால் ஊரே எழுந்து நின்றிருக்கும். நடை தள்ளாடும், நாக்குக் குழறும், நேற்று நடந்தது மறந்துபோகும். ஆனாலும் பழக்கினால் வேலைக்குப் போகலாம் என்று பட்டாள டாக்டர் சொன்னார்.

பழக்கினோம். கருமத்தம்பட்டி மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்ததும், பழகிப் பார்க்க நம் வீட்டு கேட்டுதான் மில் கேட்டு. நான் டிவிஎஸ்ஸில் வந்து ஹாரன் அடிப்பேன். விறைப்பாக நின்று, "ஆரைப் பாக்கோணுமுங்க?" என்பீர்கள். "உங்களைத்தானுங்க" என்பேன். "அவரு டூட்டில இருக்காருங்க, அப்பறம் வாங்க!" அப்போது சிரித்தீர்களே, அடிபட்ட பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் குடிக்க மாட்டீர்கள். அந்தக் கார்டுக்குக் கிடைக்கும் உங்கள் பங்கு ரம் மாதாமாதம் மில் சூப்பர்வைசர் வீட்டுக்குத்தான் போனது. கேட்பான், கொடுப்பீர்கள். அதே ஆள்தான் ஆயுத பூஜை அன்று, பட்டாசுச் சத்தத்தில் தலை சுற்றி நீங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, எல்லார் முன்னாலும் "எங்க, வாயை ஊதுங்க" என்றான். நீங்களும் ஊதிக் காட்டினீர்கள். வாசனை இல்லை. "மிலிட்டரிக்காரருக்கு வாசம் வராமக் குடிக்கத் தெரியாதுங்களா? நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றானாம். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை! நம் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

மில் வாசலில் போய்க் கத்தினேன். "தலைல அடிபட்டவருங்க, குடிகாரரில்லீங்க." அவன் வாட்சைப் பார்த்துக்கொண்டு, "அப்ப ஊட்டுல வெச்சுப் பாத்துக்கோணுமுங்க" என்றான்.

அதைவிடக் கொடுமை வீட்டில் நடந்தது. வேலை போனதே உங்களுக்கு மறந்துபோனது. காலையில் காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு, "நேரமாச்சு அம்மணி, போயிட்டு வாரேன்" என்று செருப்பைத் தேடினீர்கள். வேலை இல்லை என்று சொன்னேன். "நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்?" என்று கேட்டுவிட்டு, உடுப்போடு அப்படியே உட்கார்ந்தீர்கள். அடுத்த நாளும் அதே உடுப்பு, அதே கேள்வி. வலிப்பு வந்து நீங்கள் போகிறவரை அப்படித்தான்.

அவன் ஒரு தடவைதான் உங்களை வேலையை விட்டு நிறுத்தினான். அப்புறம் காலைதோறும் நிறுத்தியவள் நான். அந்த வேலையை என் தலையில் கட்டியவனை நான் மன்னிக்க மாட்டேனுங்க.