வீட்டில் வசிப்போர் எண்ணிக்கை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன், இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தும்மல் போட்டுவிட்டேன், இருந்தாலும் சுகம்தான். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கம்மியிருந்தது, கேட்டால் ஒன்றுமில்லை என்றாய், ஒன்றுமில்லை என்று சொல்வது உன் அம்மாவிடமிருந்து உனக்கு வந்த சொத்து. போனிலேயே பேசியிருக்கலாமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதில் உன் கையெழுத்து வேண்டும். அதைப் போனில் சொல்ல இரண்டு வாரமாக வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே இந்த வருடம் குளிர் முன்னாலேயே வந்துவிட்டது. முன்னறை ஜன்னல் சட்டம் உளுத்துப்போய், சாத்தினாலும் காற்று உள்ளே வந்து என்னை நலம் விசாரிக்கிறது. தச்சர் வந்து விரலால் குத்திப் பார்த்தார், விரல் உள்ளே போய்விட்டது, "சார், இது மரமில்ல, பிஸ்கட்டு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஹீட்டருக்கோ உன் வயது, கரண்டைத் தின்கிறதே தவிரச் சூடு தருவதில்லை. நான் இப்போது கட்டிலைச் சமையலறைக்கே கொண்டுவந்துவிட்டேன், அந்த ஓர் அறையில் மட்டும் ஹீட்டர் போட்டுக்கொள்கிறேன். பேச்சுத் துணைக்கு ரேடியோ இருக்கிறது, என்ன, நான் பேசினால் அது கேட்காது. சில நாள் கடைக்காரரிடம் சில்லறை கேட்பதுதான் அன்றைக்கு நான் பேசும் ஒரே பேச்சு.

கரண்ட் பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருந்தது, வேறு வேலை இல்லாததால் லென்ஸ் வைத்துப் படித்தேன். மின்சாரம் வீணாகாமல் இருக்கப் பழைய வீட்டின் ஜன்னல், கூரை, ஹீட்டர் இதையெல்லாம் மாற்ற அரசாங்கம் மானியம் தருகிறதாம். அலுவலகத்துக்குப் போனால் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் நூலகக்காரம்மாதான் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் கொடுத்தார். ஒரு வருட பில், ஜன்னலின் போட்டோ, இரண்டு வேலைக்காரர்களிடம் எழுதி வாங்கிய மதிப்பீடு எல்லாம் வைக்க வேண்டும், அனுமதி வருவதற்கு முன்னால் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் அவசரக் குடுக்கை, ஜன்னலை மாற்றிவிட்டுப் போய் விண்ணப்பம் கொடுத்தார், முடிந்த வேலைக்கு மானியம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அந்தப் புது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். நான் பொறுமையாகத்தான் எல்லாம் செய்தேன், ஆனாலும் ஓர் இடத்தில் சறுக்கிவிட்டேன்.

வீட்டில் வசிப்போர் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருந்தது. நூலகக்காரம்மா கேட்டதும் இரண்டு என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. உன் அம்மா போன பிறகு மூன்றை இரண்டாக்கவே நான் பட்ட பாடு உனக்குத் தெரியும், அதற்குமேல் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ போய் ஆறு வருடம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டைப் பார்க்க மானிய அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர்ப் பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். ஜன்னல் இடுக்கில் கையை வைத்துப் பார்த்தாள், ஏணி போட்டுக் கூரையைப் பார்த்தாள், பிறகு பில்லை எல்லாம் மேஜையில் பரப்பி, "சார், இது ஒரு ஆள் இருக்கற வீட்டு பில்லா இருக்கே, இன்னொருத்தர் எங்க?" என்றாள். முப்பத்தொரு வருடம் வீடு வீடாக ஏறி மீட்டர் கணக்கெடுத்தவன் நான், பூட்டிய வீட்டில்கூட மீட்டரைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லுவேன், என்னை ஒரு சின்னப் பெண் பிடித்துவிட்டாள். மகள் வெளியே வேலை பார்க்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். "எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். நான் ரேடியோவை அணைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

நல்ல பெண் அவள், என்னைக் குடையவில்லை. இரண்டு பேர் என்றால் உன் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்களாம், அப்போது மானியம் கிடையாது. தனியாக வசிக்கும் முதியவர் என்றால் வரிசையில் முதல் இடம். தனியாக இருப்பதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது பார் என்று சொல்லிச் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. திருத்தி எழுதிக் கொடுங்கள், ஆனால் உங்கள் மகளும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்றாள். அந்தத் தாள்தான் இது. நான் மேற்படி வீட்டில் வசிக்கவில்லை, நிரந்தரமாக வேறிடத்தில் வசிக்கிறேன் என்று அச்சடித்திருக்கிறது. நிரந்தரமாக என்பதை மட்டும் அடித்துவிடலாமா என்று கேட்டேன், அடித்தால் செல்லாது என்றாள். என் பங்குக்கு அந்தக் கட்டத்தில் ஒருவர் என்று எழுதிவிட்டேன், அதற்கு எனக்கு நாலு நாள் ஆயிற்று. உன்னைத் திரும்பி வா என்று கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை, உன் வேலை, உன் வாழ்க்கை அங்கேதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் வீடு வெறிச்சென்று இருக்கிறது அம்மா, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீ எங்கே இருந்தாலும் குளிர் அண்டாமல், நல்ல மனிதர்கள் சூழ இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். தொண்டைக்கு வெந்நீர் குடி. தாள் இந்த மாதக் கடைசிக்குள் இங்கே வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே. கையெழுத்துப் போடத் தயங்காதே, நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் கவரைப் பிரித்தவுடனே போட்டுவிடாதே, ஒரு நாளாவது வைத்திருந்து போடு.

இப்படிக்கு,
உன் அப்பா