கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் திறக்கும் கதவு

அனுப்புநர்:
கினாசி வித்யஸ்துதி,
ஆறாம் மாடி, செந்தராவாசி அடுக்குமாடிக் குடியிருப்பு,
சுரபாயா.

பெறுநர்:
வீட்டுவசதிப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
சுரபாயா.

பொருள்: என் வீட்டுக் கதவைத் திறக்கும் பழைய டோக்கனை லெபரான் எனும் நோன்புப் பெருநாளுக்கு முன் ரத்து செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று நோன்புக்காக விடியுமுன் எழுந்ததும் நான் முதலில் செய்தது, மேசைமேல் இருந்த காப்பிக் கோப்பையைக் கழுவி வைத்தது. மகள் லாரஸ் அதைப் பார்த்துவிடக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் காப்பி குடிப்பதில்லை. கோப்பையில் இன்னும் சூடு இருந்தது.

2. கதவைத் திறக்கும் கைபேசிச் செயலியில் பதிவைப் பார்த்தேன். நாங்கள் உறங்கும்போது கதவு திறக்கப்பட்டிருக்கிறது. திறந்தவர் என்ற இடத்தில் என் பெயர். இது மூன்றாம் முறை.

3. என் பழைய கைபேசி முன்னாள் கணவர் ஹண்டோகோவிடம் இருக்கிறது. அவர் என்னை அடித்ததால்தான் நீதிமன்றம் மணவிலக்கு அளித்தது. அன்றே கடவுச்சொல்லை மாற்றினேன்; அது போதும் என்று நம்பினேன். ஆனால் செயலி கடவுச்சொல்லை ஒருமுறைதான் கேட்கிறது. பிறகு கைபேசிக்கு டோக்கன் என்ற மின்னணு அனுமதிச் சீட்டைக் கொடுத்துவிடுகிறது. கதவு அதை மட்டுமே பார்க்கிறது. காய்கறிப் பையோடு நின்று ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் அடிக்க முடியவில்லை என்று குடியிருப்போர் முணுமுணுத்ததால், டோக்கன் காலாவதியே ஆகாதபடி நிர்வாகம் செய்துவிட்டது. தீ விபத்து விதியால் உள்தாழ்ப்பாளுக்கும் அனுமதி இல்லை.

4. நிர்வாகி பாக் சுரோசோவிடம் முறையிட்டேன். ஒரு டோக்கனை மட்டும் ரத்து செய்ய வழியில்லையாம்; செய்தால் எல்லோருடையதும் போய்விடுமாம். "அம்மா, எல்லாரும் லெபரானுக்கு ஊருக்குக் கிளம்புற நேரம். இப்ப கைய வச்சா மொத்த குடியிருப்பும் என் சட்டையப் பிடிக்கும். பண்டிகை முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். பதிவைக் காட்டினேன். "உங்க பேருதானே இருக்கு? தூக்கத்துல நடக்குறீங்களோ என்னவோ" என்று சிரித்தார்.

5. நாளை மறுநாள் எங்கள் மாடி முழுவதும் காலியாகிவிடும். காவலாளியும் தன் ஊரான மடியூனுக்குப் போகிறார். கத்தினாலும் கேட்க ஆள் இருக்காது. இங்கே பல பெருநாள்களைக் கழித்த ஹண்டோகோவுக்கும் இது தெரியும்.

6. ஆகவே எல்லா டோக்கன்களையும் உடனே ரத்து செய்ய நிர்வாகத்துக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். மற்றவர்களுக்கு இதனால் வரும் சிரமம், இன்னொரு முறை கடவுச்சொல் அடிப்பது மட்டுமே.

நாளை லாரஸை பிளிதாரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயிலேற்றி அனுப்புகிறேன். பின்னாலேயே வருவதாக இருவரிடமும் சொல்லியிருக்கிறேன். நான் போகப்போவதில்லை. யாரிடமும் சொல்லாததைத் தங்களுக்கு எழுதுகிறேன்: கதவு மறுபடி என் பெயரில் திறக்கும்போது, திறந்தது நான் இல்லை என்பதற்குச் சாட்சியாக, உள்ளே நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

இடம்: சுரபாயா
நாள்: நோன்பு இருபத்தேழு

இங்ஙனம்,
கினாசி வித்யஸ்துதி
(கையொப்பம்)