நாற்பது கோடு போட்ட குழாய்

மத்திகிரி,
திங்கட்கிழமை

அன்பு மகன் சிவராஜுக்கு அம்மா ஜோதியம்மாள் சொல்லச் சொல்ல, தங்கச்சி மாதேஸ்வரி எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம், குஜராத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் கண்ணு. என் தோள் கட்டியை வெள்ளிக்கிழமை மாதேஸ்வரி வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே எடுக்கிறார்கள், நீ அதற்கு லீவு போடாதே, பொங்கலுக்கு வைத்துக்கொள்.

அண்ணா, அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள், வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன், போனில் சொன்னால் அவள் காதில் விழும். மயக்கம் கொடுத்தவர்களுக்கு மூச்சு போய் வர வாய்வழியாகத் தொண்டையில் ஒரு குழாய் வைப்பார்கள், நுனியில் காற்றடைக்கும் வளையம் இருக்கும். அதைக் கழுவி ஆவி மெஷினில் வைத்து எடுப்பது என் வேலை, ஒவ்வொரு தடவையும் அதன் அட்டையில் ஒரு கோடு போடுவேன். நாற்பது கோடு ஆகிவிட்டால் பார்க்க நன்றாக இருந்தாலும் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் வளையத்தில் காற்று இறங்கும், குழாய் மடிந்து மூச்சை அடைக்கும். போன வாரம் ஒன்றுக்கு நாற்பது ஆனது, அதன்மேல் யாரோ கடித்த லேசான இரண்டு பல் தடம் இருக்கும். எங்கள் இன்சார்ஜ் சரஸ்வதி அக்கா அதை வாங்கிக்கொண்டு நோட்டில் கழித்தாயிற்று என்று எழுதினார். மறுநாள் அதே பல் தடம் புது அட்டையோடு என் தட்டில் வந்தது, அதில் நான் போடாத மூன்றே கோடு. கேட்டதற்கு, எட்டாவதோடு நின்றவளுக்குக் கணக்கு எதுக்குடி, பல்லு ஊருக்கெல்லாம் இருக்குது என்று சிரித்தார். அதிலிருந்து எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. நான் உள்ளே போனால் பேச்சை ஏன் நிறுத்துகிறார்கள், புதுக் குழாய்ப் பெட்டி ஏன் பூட்டியே இருக்கிறது, ஆபரேஷன் தியேட்டர் அஜித்குமார் அண்ணன் இரண்டு நாளாக எனக்கு ஏன் டீ வாங்கித் தருகிறார்?

நேற்று அந்தக் குழாயைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். குப்பைக்கூடையில் கிடந்த பழைய அட்டையை முன்னமே எடுத்து வைத்திருந்தேன், இரண்டும் நம் அரிசி டிரம்மில் இருக்கின்றன. இன்று காலை சரஸ்வதி அக்கா அலமாரி அலமாரியாகத் தேடினார், என் பையையும் கொட்டிப் பார்த்தார். என்ன தேடுறீங்க என்று அஜித்குமார் அண்ணன் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். கழித்ததாக எழுதிய பொருளைக் காணோம் என்று அக்கா யாரிடம் சொல்ல முடியும்? அம்மாவுக்கு மயக்கம் கொடுக்கப் போகிற டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார். அவர் முன்னால் எனக்கு வாய் வராது, உனக்கே தெரியும். பேசப் போவதில்லை, அம்மாவைப் படுக்க வைக்கும் முன் குழாயையும் அட்டையையும் அவர் கையில் வைத்துவிடுவேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது வெள்ளிக்கிழமை முடிந்திருக்கும், வேலை போயிருந்தால் திட்டாதே.

அம்மா வந்துவிட்டாள், அரிசி டிரம் மேல் எதற்கு இஸ்திரிப் பெட்டி என்று கேட்கிறாள். இனி அவள் சொல்வது: வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, அறைச் சாவியை யாரிடமும் கொடுக்காதே, நீ கால் வைக்கிற இடமெல்லாம் உனக்கு நல்லதாகவே இருக்கட்டும். என்னைப் பற்றிக் கவலைப்படாதே சாமி, ஆஸ்பத்திரிக்குள்ளேயே நம் பெண் இருக்கும்போது எனக்கு என்ன பயம்.

இப்படிக்கு உன் அம்மா,
ஜோதியம்மாள்
(எழுதியது மாதேஸ்வரி)